அகிலாண்டேஸ்வரியா, நிலாவா? குழந்தைக்கு நீளமான பெயரும் சின்னப் பெயரும்

ஓர் இளம் தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. காலமான தன் அம்மாவின் பெயரை, அகிலாண்டேஸ்வரி என்று முழுசாக வைக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. நிலா என்று சின்னதாக வைக்க வேண்டும் என்பது எனக்கும் என் கணவருக்கும் ஆசை. சண்டை வேண்டாம், 'அகிலாண்டேஸ்வரி யாழினி' என்று பழசும் புதுசும் கலந்து வைத்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பிள்ளைக்கு எது நல்லது?"

நான் 31 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பதினொரு ஆண்டு தலைமையாசிரியர். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாய்விட்டு வாசித்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது அதே பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பெயர் வாயிலும் வாழ வேண்டும், காகிதத்திலும் வாழ வேண்டும். இரண்டு இடத்திலும் அது படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் தினமும் எந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடப் போகிறீர்களோ, அதே பெயர்தான் சான்றிதழிலும் இருக்க வேண்டும். அது மூன்றெழுத்தா, எட்டெழுத்தா என்பது அடுத்த கேள்வி.

நீளமான பெயர் வகுப்பறையில் ஒரு வாரம்கூடத் தாங்காது. சிவசுப்பிரமணியன் என்று ஒரு பையன் வந்து சேருவான். நான் பதிவேட்டில் முழுப் பெயரையும் வாசிப்பேன், "உள்ளேன் ஐயா" என்பான். இடைவேளை மணி அடித்ததும் பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு அவன் சிவா. கபடி ஆடுகிறவர்களுக்கு சுப்பு. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் வந்து நிற்கும் தாத்தா, "எங்க மணி எங்கப்பா?" என்று கேட்பார். சிவா, சுப்பு, மணி மூன்றும் அந்தப் பெயரிலிருந்து உதிர்ந்த துண்டுகள்தான். அவற்றில் ஒன்றைக்கூட அவனைப் பெற்றவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

பெயரை எங்கே ஒடிப்பது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் ஊர் முடிவு செய்யும். பெரும்பாலும் அன்பாகத்தான் ஒடிக்கும், எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. என் பள்ளியில் ஒரு பெண்ணுக்குக் காப்பியத்திலிருந்து எடுத்த அழகான பெயர். உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டாம், குண்டலகேசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் அதன் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அந்தப் பெண் எழுந்து பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா ஒருநாள் என் எதிரில் உட்கார்ந்து, "எவ்வளவு ஆசையா வெச்ச பேரு சார்" என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் இருந்தார். அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை. அதைப் பிள்ளைகள் எப்படிச் சுருக்குவார்கள் என்று வீட்டில் யாராவது ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

பெரிய மனிதர்களின் பெயர்களுக்கும் இதே கதைதான். 1983இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை அவருடைய நண்பர்களும் மாணவர்களும் சந்திரா என்றே அழைத்தார்கள். 1999இல் அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கும் அந்தச் சுருக்கப் பெயரைத்தான் வைத்தார்கள், 'சந்திரா' என்று. அங்கே ஒடிந்த இடம் நல்ல இடம். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்துக்கு நடந்தது வேறு. அவருடைய பெயர் ஆனந்த், விசுவநாதன் என்பது அவர் அப்பாவின் பெயர். ஆனால் முன்னால் நிற்பதுதான் பிள்ளையின் பெயர் என்று எண்ணும் வெளிநாட்டார் அப்பாவின் பெயரைச் சுருக்கி மகனை 'விஷி' என்று கூப்பிட, அதுவே உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. கணித மேதை இராமானுஜனைச் சில வெளிநாட்டுக் கட்டுரைகளில் 'சீனிவாசா' என்று நெருக்கமாக விளிக்கிறார்கள். அது அவருடைய தந்தையின் பெயர்.

பெயரைக் கூப்பிடுவது என்பது நம் மொழியில் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. பெயர்களைப் பற்றிய பெயரியல்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. இகரத்தில் முடியும் பெயரை அழைக்கும்போது ஈகாரமாக நீள வேண்டும், ஐகாரம் ஆய் ஆக வேண்டும், 'அன்' என்று முடிந்தால் அது 'ஆ' ஆக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. பக்கத்தில் இருப்பவனை அழைக்க 'முருக' என்றால் போதும். தூரத்தில் இருந்தால் 'முருகா'. இன்னும் தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது மாத்திரைக் கணக்கையும் மீறி ஒலி நீளலாம் என்று தனியாக ஒரு நூற்பாவே உண்டு. வாசலில் நின்று தெருக்கோடியில் விளையாடும் பிள்ளையை ஒரு தாய் எப்படிக் கூப்பிடுவாள் என்று காதால் கேட்டவர்கள் எழுதிய இலக்கணம் அது.

அதனால் நான் பெற்றோருக்குச் சொல்லும் முதல் யோசனை, மொட்டை மாடிக்குப் போங்கள் என்பதுதான். அங்கே நின்றுகொண்டு நீங்கள் நினைத்திருக்கும் பெயரைத் தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிடுங்கள். 'நிலா' நன்றாக நீளும், 'நிலாஆ' என்று காற்றில் போகும். 'யாழினி' யாழினீ ஆகும். 'அகிலாண்டேஸ்வரி'யும் கடைசியில் இகரம் இருப்பதால் நீளத்தான் செய்யும். ஆனால் 'அகிலாண்டே' வரைக்கும் வருவதற்குள் பிள்ளை திரும்பிப் பார்த்துவிடும், மீதிப் பெயரை நீங்களே விட்டுவிடுவீர்கள். நாலைந்து நாள் கூப்பிட்டுப் பாருங்கள், உங்கள் வாய் தானாக எங்கே நிறுத்துகிறது என்று தெரிந்துவிடும். வல்லின மெய்யிலோ 'ஷ்' என்றோ முடியும் இப்போதைய பெயர்களுக்கு வேறு ஒரு சங்கதி உண்டு. அவற்றை நம் வாய் அப்படியே விடாது. தூரத்திலிருந்து கூப்பிடும்போது ஓர் உகரத்தைக் கூட்டி, பிரகாஷைப் பிரகாசு ஆக்கிவிடும். அந்த ஒலி உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி.

எழுதுவதைப் பற்றியும் பலருக்குக் கவலை இருக்கிறது. நீளமான பெயரை வைத்தால் சின்னப் பிள்ளை எழுதத் திணறாதா என்று கேட்கிறார்கள். கொஞ்ச நாள் திணறும், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் நோட்டு அட்டையில் ஒட்டிய சீட்டில் தன் பெயரை எழுதியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 'செந்தமிழ்ச்செல்வி' அளவுக்கு நீளமான பெயர். 'செ' நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. 'ந்த' அதில் பாதி. 'மிழ்' வந்தபோதே சீட்டின் ஓரம் தெரிந்துவிட, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்து நின்றன. 'ச்செ' கோட்டுக்கு மேலே ஏறியது, 'ல்வி'க்கு இடமே இல்லாமல் சீட்டைத் தாண்டி அட்டை மேல் எழுதி முடித்திருந்தாள். அடுத்த மாதம் அதே பெயரை ஒரே அளவில், சீட்டுக்குள்ளே அடங்கும்படி எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். அவள் முகத்தில் இருந்த பெருமை மூன்றெழுத்துப் பெயர்க்காரப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை. எழுதுகிற சிரமத்துக்காக ஒரு நல்ல பெயரைக் கைவிட வேண்டியதில்லை.

"நம் முன்னோர் நீளமாகத்தானே வைத்தார்கள்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் கீறியிருக்கும் பெயர்களைப் பாருங்கள்: 'ஆதன்', 'குவிரன் ஆதன்'. மூன்றெழுத்து, நாலெழுத்து. சங்கப் புலவர்களில் கபிலர், பரணர், ஔவையார் என்று சின்னச் சின்னப் பெயர்கள் எத்தனை! தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்ற பெயர் ஒரு முழ நீளம் இருப்பதற்குக் காரணம் வேறு. அவனைப் பெற்றவர்கள் தொட்டிலில் போட்டுக் கூப்பிட்ட பெயர் அதுவாக இருக்க முடியாது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்று இன்னொருவன் இருந்தான். ஒரே பெயரில் இருவர் இருந்ததால், எந்த நெடுஞ்செழியன் என்று தெரிவதற்காகப் போர்க்களம் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பதை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஊர், அப்பா, பிறகு ஆள். நம் ஊரில் இனிஷியல் எழுதுகிறோமே, ஊர் எழுத்து ஒன்று, அப்பா எழுத்து ஒன்று, அதே வரிசைதான். நம் மரபில் ஆளின் பெயர் ஒன்று. அதற்கு முன்னால் நிற்பவையெல்லாம் அவரை அடையாளம் காட்ட வந்தவை. இனிஷியல் முறை வந்ததும் அந்த அடையாளங்களை ஓர் எழுத்தாகச் சுருக்கி, பெயரை வெளிச்சத்தில் விட்டோம். பின்னால் ஒரு குடும்பப் பெயர் இல்லாமலே நம்மால் வாழ முடிகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த ஏற்பாடு தெரியாத படிவங்களை நிரப்பும்போது.

அதற்கு முன் சின்னப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'நிலா' பக்கமே நான் நிற்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பெயர்களில் இரண்டு சங்கடங்களைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, ஒரே பெயரில் பலர். இரண்டெழுத்திலும் மூன்றெழுத்திலும் அழகாக அமையும் பெயர்கள் அதிகம் இல்லை, அதனால் ஒரு காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாரும் அதையே வைத்துவிடுகிறார்கள். ஒரு வருடம் எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரே மூன்றெழுத்துப் பெயரில் நாலு பையன்கள். பதிவேட்டில் இனிஷியல் வேறுபடுத்திக் காட்டும். வாயில் அது நடக்காது. 'பெரிய', 'சின்ன', 'கண்ணாடி', 'கடைசி பெஞ்சு' என்று பிள்ளைகளே அடைமொழி போட்டுக்கொண்டார்கள். பெயரைச் சுருக்கமாக வைத்தும் அந்தப் பையன்கள் நீளமாகத்தான் அழைக்கப்பட்டார்கள், நெடுஞ்செழியனைப் போல.

இரண்டாவது சங்கடம் நுட்பமானது, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நீளமான பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் ஆள் தப்பிவிடுவார். 'மீனாட்சிசுந்தரம்' என்பதை 'மீனாச்சி சுந்திரம்' என்று எழுதினாலும் யாரென்று தெரியும். சின்னப் பெயரில் ஓர் எழுத்து தவறினால் அது வேறொருவரின் பெயர். நிலாவை ஆங்கிலத்தில் எழுதினால் என், ஐ, எல், ஏ. நான்கே எழுத்து. அதை நிலா என்றும் வாசிக்கலாம், நீலா என்றும் வாசிக்கலாம், கடல் தாண்டிப் போனால் நைலா என்றும் வாசிப்பார்கள். குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட ஆங்கில எழுத்துக்கு வழியில்லை. நம் பெயர்களோ அந்தக் குறில் நெடிலில்தான் உயிரை வைத்திருக்கின்றன. 'நிலா' வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிள்ளை வளர்ந்ததும் "நீலா இல்லை சார், நிலா" என்று சில நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சேர்த்து வைக்கச் சொல்லும் மூன்றாவது யோசனையை, அதுதான் சமாதானத்துக்கு எளிய வழி போலத் தெரிவதால், இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், எந்திரம் வாசிப்பதற்காக இரண்டு வரி அச்சாகியிருக்கும். உலகம் முழுக்க ஒரே அளவு: ஒரு வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஆவணத்தின் வகைக்கும் நாட்டின் குறிக்கும் 5 இடம் போய்விடும். மீதி 39 இடத்துக்குள் குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் அடங்க வேண்டும். குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் நடுவில் இரண்டு இடம் குறியீட்டுக்கு, சொந்தப் பெயரில் இரண்டு சொல் இருந்தால் நடுவில் இன்னும் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் நிரப்புகிறோம். குழந்தையின் அப்பா பெயர் மீனாட்சிசுந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 17 எழுத்து. அகிலாண்டேஸ்வரிக்கு 13. யாழினிக்கு 7, ஏனென்றால் 'ழ'வுக்கு மட்டும் இரண்டு எழுத்து வேண்டும். பதினேழும் பதின்மூன்றும் ஏழும் 37, குறியீடுகளுக்கு 3, ஆக 40. ஓர் எழுத்துக்கு இடமில்லை.

மேலே பெயர் முழுசாகத்தான் இருக்கும், அடியில் உள்ள வரியில் மட்டும் குறையும். அதனால் பயணம் நின்றுவிடாது. ஆனால் விமானச் சீட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று பெயர் பிரியத் தொடங்குவது இப்படித்தான். ஒவ்வொரு படிவமும் தனக்கு வசதியான இடத்தில் வெட்டும். ஒருவர் முதல் சொல்லை எடுத்துக்கொள்வார், இன்னொருவர் இரண்டாவதை. உங்கள் மகளை வீட்டில் யாழினி என்று கூப்பிட்டு வளர்ப்பீர்கள். அலுவலகத்தில் அவளை அகிலாண்டேஸ்வரி என்பார்கள், வெளிநாட்டு மருத்துவமனையில் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். மூன்று பெயருக்கும் அவள் எழுந்து போக வேண்டும்.

சின்னப் பெயர்க்காரர்களுக்குப் பாஸ்போர்ட்டில் வரும் தொல்லை இதற்கு நேர் எதிரானது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் நம் பக்கம் நிறைய. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பல குடும்பங்கள் பதறிப்போயின. பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அந்த இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்துத் தருவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போன பிறகு அந்த மூன்றெழுத்தையே அவருடைய பெயராக எண்ணிக் கூப்பிட்ட கதையை என் பழைய மாணவர் ஒருவரே எனக்குச் சொன்னார்.

ஆகவே, பெயர் எதுவாக இருந்தாலும் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். சொந்தப் பெயர்க் கட்டத்தில் பிள்ளையின் பெயர், குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரோ அம்மாவின் பெயரோ, இனிஷியலாக இல்லாமல் முழுசாக. பான் அட்டைக்கான விண்ணப்பத்தில் முழுப் பெயர் கேட்கும் கட்டத்தில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல்தான் பழக்கம். ஆதாரில் எப்படிக் கொடுத்தோமோ அப்படி இருக்கும். ஒரே பிள்ளை மூன்று ஆவணத்தில் மூன்று ஆளாக நிற்பதற்கு இதுவே முக்கியமான காரணம். முதல் ஆவணத்தில் எப்படி எழுதினீர்களோ அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிவத்தையும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு வேண்டுகோள். 'த'வுக்கு டி மட்டுமா, டி, எச் இரண்டுமா? 'ழ'வுக்கு எல் மட்டுமா, இசட், எச் இரண்டுமா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றாதீர்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும் நேரத்தில், "சார், ஒரு எச் சேர்த்துக்கலாமா? எண் கணிதப்படி கூட்டுத்தொகை சரியா வரணும்" என்று வந்து நிற்கும் பெற்றோர் ஒவ்வொரு வருடமும் உண்டு. அவர்களின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை, பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற தவிப்புதான் அது. ஆனால் அந்த ஓர் எழுத்துக்காகப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் அத்தனையையும் திருத்த வேண்டியிருக்கும். திருத்த முடியாத ஒன்று எங்கேயாவது மிஞ்சிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்க வேண்டிய நாளில் அலுவலக வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைக் கூட்டுவதாக இருந்தால் அதை இப்போதே செய்துவிடுங்கள்.

சட்டம் இதில் உங்களுக்கு வேண்டிய அவகாசம் தந்திருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் அப்போதே இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரை ஏற்றலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டி ஏற்றலாம். ஆனால் ஒருமுறை ஏற்றிவிட்டால் பிழையான பதிவைத் திருத்தத்தான் வழியிருக்கிறது, மனம் மாறியதற்காக மாற்றுவது எளிதல்ல. பெரியவர்களானபின் அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் பழைய சான்றிதழ்களில் பழைய பெயரே இருக்கும், அரசிதழ் நகலைக் கூடவே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். 2023இல் வந்த திருத்தத்தின்படி அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். உங்கள் மகள் அந்தக் கணக்கில் வருகிறாள். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது நாங்கள் பதிவேட்டில் எழுதுவதுதான் பெயர். 'அய்யாக்கண்ணு' என்று வந்த பிள்ளையை 'கண்ணன்' என்று எழுதிச் சேர்த்துக்கொண்ட ஆசிரியர்கள் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது.

இனி உங்கள் வீட்டு விஷயம். மாமியாரின் ஆசையை நீளமான பெயர் மீதான பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவை இழந்த ஒரு மகள் அந்தப் பெயரை மறுபடியும் வீட்டுக்குள் கேட்க ஆசைப்படுகிறார். அது நியாயமான ஆசை. அந்தப் பெயரைச் சான்றிதழில் எழுதிவிட்டு வீட்டில் நிலா என்று கூப்பிட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்? காகிதத்தில் மட்டும்தான் அம்மா இருப்பார், காதில் விழமாட்டார். பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை அகிலாண்டேஸ்வரி என்று அவரையே சொல்லச் சொல்லலாம், சான்றிதழில் வேறு பெயரை எழுதலாம். பல வீடுகளில் இப்படிச் செய்கிறார்கள், அதுவும் தவறில்லை. இருந்தாலும் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய பெயர்களுக்குள்ளே சின்னப் பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. மதுரை மீனாட்சியைத் தமிழில் அங்கயற்கண்ணி என்றார்கள், கயல் மீனைப் போன்ற கண்ணுடையவள் என்று. அதே பொருளில் கயல்விழி வந்தது, இப்போது கயல் என்று மூன்றெழுத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். பாட்டி மீனாட்சியும் பேத்தி கயலும் ஒரே பெயர்க்காரிகள். இதைச் சொன்னதும் கண் கலங்கிய பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அகிலாண்டேஸ்வரிக்குள்ளும் அப்படி ஒன்று முழுசாக உட்கார்ந்திருக்கிறது: அகிலா. மூன்றெழுத்து, மாடியிலிருந்து கூப்பிட்டால் நன்றாக நீளும், ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து, குறில் நெடில் குழப்பமும் நிலா அளவுக்கு இல்லை.

ஆனால் இதை நானோ நீங்களோ முடிவு செய்ய வேண்டாம். உங்கள் மாமியாரின் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அத்தை, உங்க அம்மாவை வீட்டுல எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்க?" அகிலாண்டேஸ்வரி என்று முழுசாக யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அகிலாவாக இருக்கலாம், அகிலாண்டம், ஈஸ்வரி, எதுவாகவும் இருக்கலாம். அவர் சொல்வதை அப்படியே மாடிக்குக் கொண்டுபோய் நாலு நாள் கூப்பிட்டுப் பாருங்கள். பெயர் ஏற்ற இன்னும் பத்து மாதம் இருக்கிறது.